தார்க் கோட்டுக்குக் கீழே

இன்று காலை புதுவாயல் கூட்டுச்சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு. டிரம்மின் அடியில் விறகு எரிய, மேலே தார் கொதித்தது. பஸ்சுக்கு நின்றவர்கள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அத்தர் மணத்தில்தான் உன் நினைவு வர வேண்டும். பொன்னேரி கடைத்தெருவில் உன் வாப்பா துணியும் அத்தரும் விற்றார். "ஊருக்கே அத்தர் விக்கிறேன். எம் பொண்ணு மட்டும் தார் நாத்தத்தோட ஊட்டுக்கு வர்றா" என்று என்னிடம் முறையிடுவார். நீ அவர் எதிரிலேயே முழங்கையை மோந்து பார்த்து, "நல்லாத்தானே கீது?" என்பாய்.

ஜல்லிக் கூடையை இறக்கி வைத்த பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மேடம், இத்தப் போய் நின்னு பாத்துக்கினு கீற?"

"கொஞ்சம் தார் வேணும்மா."

"ஊடு ஒழுவுதா?"

"இல்ல. கல்லுல வைக்கணும்."

"சாமிக் கல்லா?"

"சாமியில்ல. தெரிஞ்சவங்க நிறுத்துன கல்லு."

அவள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் கரண்டியால் ஊற்றி, ஒரு குச்சியையும் உள்ளே போட்டுக் கொடுத்தாள். "கெட்டியாய்டும். போற எடத்துல சுட வச்சிக்கோ" என்றாள். டப்பாவைக் கால் அருகே வைத்துக்கொண்டு, மெதுவாக, ஆரம்பாக்கம் பக்கம் வண்டியை விட்டேன். நீ போன பிறகு, அந்தக் கற்கள் நிற்கும் மேட்டுக்கு நான் போவது இதுதான் முதல் முறை.

பொன்னேரியில் கல்லூரி முடித்ததும் நான் செய்தித்தாளுக்கு வந்தேன், நீ தொல்லியலுக்குப் போனாய். அகழாய்வு நடக்கும் இடங்களுக்குச் சென்று, மண்ணில் தெரிவதைத் தெரிந்தபடியே காகிதத்தில் வரைவது உன் வேலை. என் வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. ஆலைப் புகை, வேலைநிறுத்தம், பாய்லர் விபத்து, ஏரியில் மீன் செத்து மிதப்பது. நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தொழிற்பேட்டை வயல்களுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

புகையைப் பற்றி விசாரிக்கப் போன ஒரு நாளில்தான் தனம் அக்கா அறிமுகமானார். ஆலைக்காரர்களுக்கு நாஷ்டா கடை வைத்திருந்தவர். முன்பு அதே நிலத்தில் நாற்று நட்டவர். "பொகையெல்லாம் எழுதிக்கினு போறியே, எங்க மாண்டவர் குழிய எழுத மாட்டியா? அத்தயும் சமம் பண்ணிடப் போறானுங்க" என்று தோசைக் கரண்டியால் திசை காட்டினார். முள் மண்டிய ஒரு மேடு. முள்ளை விலக்கிப் பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் செம்புரைக்கற்கள், ஒன்றையொன்று பார்த்தபடி வட்டமாக நின்றன.

அன்று மாலை உனக்கு போன் செய்தேன். மறுநாள் காலை முதல் வண்டியில் வந்து இறங்கினாய். வட்டத்துக்குள் நீ நுழையவே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெளியிலேயே சுற்றி வந்தாய். பிறகு எதிர்த்திசையில் ஒரு முறை.

"உள்ள போய்ப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"யாராச்சும் படுத்துக்கினு இருந்தா மேல மிதிச்சிக்கினு போவியாடி?"

இரும்புக் காலத்துக் கல்வட்டம் என்றாய். நடுவில், மண்ணுக்குள், சுட்ட மண்ணால் செய்த பேழை ஒன்றில் யாரோ இருக்கக்கூடும். பக்கத்தில் கிராவல் தோண்டிய பள்ளத்தில் அப்படிப்பட்ட வேறொரு பேழையின் உடைந்த கால் கிடைத்தது. தனம் அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது இது, பன்னிக்குட்டி காலாட்டம்?"

"பொட்டிக்குக் காலுக்கா. வரிசையா நெறைய கால் வச்சிருப்பாங்க. செத்தவங்கள வெறுந்தரையில வைக்க மனசு வரல போல."

"குடுத்து வச்சவங்க. நமக்கெல்லாம் நேரா குழிதான்."

நீ தோண்டிப் பார்ப்பாய் என்று நான் எதிர்பார்த்தேன். நிருபருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதானே செய்தி. "தோண்டினா நமக்குத் தெரிஞ்சிடும். தோண்டலன்னா அவங்க இருப்பாங்க" என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பதிலாக நாள் முழுக்க அளந்தாய். டேப்பின் ஒரு முனை என் கையில். "இழுக்காத. தொங்கவும் விடாத. சும்மா பிடிச்சிக்கினு நில்லு" என்று அதட்டிக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு கல்லின் அடியும் எந்த வடிவத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதுவரை வரைந்தாய்.

அந்த மேடு ஓர் இரும்பு ஆலைக்கு ஒதுக்கப்பட்ட மனைக்குள் இருந்தது. தொல்லியல் துறை அதிகாரி ஒருவர் நேரில் வந்து, இது காக்க வேண்டிய சின்னம் என்று எழுதினால் மேடு பிழைக்கும். இல்லையென்றால் ஆலைக்குத் தரை சமமாக வேண்டும். வரைபடத்தோடு மனு கொடுத்தோம். பதில் வருவதற்குள் உனக்கு அயர்லாந்துக்கு அழைப்பு வந்துவிட்டது. அங்கே ஒரு கோடைக்காலம் முழுவதும், பழைய கல் வட்டக்கோட்டை ஒன்றின் அகழாய்வில் வரைபடம் போட வேண்டும்.

நீ திரும்பி வந்த மறுநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் போட்டோக்கள். பொட்டலத்தில் கை முறுக்கு. கோட்டை என்றதும் நான் ராஜா எங்கே, பீரங்கி எங்கே என்று கேட்டேன். நீ ஒரு முறுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய்.

"இதான் கோட்டை. இந்த சுத்து இருக்குல்ல, இது மதிலு. சாந்து கெடையாது, சுண்ணாம்பு கெடையாது, வெறும் கல்லு மேல கல்லு. ஒரு அம்பாசிடர் காரைக் குறுக்கால நிறுத்தலாம், அவ்ளோ தடிமன். நடுவுல ஓட்டை இருக்கே, அதுல ஒரு குடும்பம்."

"ஒரு குடும்பமா?"

"ஒரு குடும்பம், நாலு மாடு, ஒரு அடுப்பு. ராத்திரி மாட்ட ஓட்டினு போயிடாம இருக்க இவ்ளோ பெரிய மதிலு. நானும் ராஜா இருப்பான்னுதான் போனேன்." ஓரத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாய். "இது வாசல். மேல ஒரே ஒரு பெரிய கல்லு குறுக்கால கெடக்கும். குனிஞ்சிதான் போகணும்."

உள்ளே சுவரோடு சுவராகக் கட்டிய படிகள் மேலே ஏறுகின்றன என்றாய். மேலே நின்றால் கடல் தெரியும். கீழே, வட்டமாகச் சின்ன வீடுகள் இருந்த தடம். உனக்கு ஒதுக்கிய மூலையில் பல நாட்கள் ஈர மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு மண்ணின் நிறம் மாறியது. சாம்பல். அதற்குள் மாட்டுப் பல். "ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்டி. யாரோ சோறோ கூழோ ஆக்கின எடம். அத்த வரையறப்ப எனக்குப் பசிச்சிது" என்றாய். தரைக்கு அடியில் கல் பாவிய ஒரு சுரங்க வழி இருந்ததாம். தானியமும் வெண்ணெயும் வைக்க ஓர் இடம், ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளவும் ஆகும். முட்டி போட்டுத்தான் போக வேண்டும். பாதியில் உன் பை சிக்கிக்கொள்ள, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கிடந்தாய். "வாப்பா கிட்ட சொல்லிடாத" என்று இரண்டு முறை சொன்னாய்.

பக்கத்து நிலத்து விவசாயி ஒருவரைப் பற்றியும் சொன்னாய். அந்தக் கோட்டை மேட்டில் இருக்கும் முள்மரத்தை அவர் குடும்பத்தில் யாரும் வெட்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாதவர்கள் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. உங்கள் ஊரிலும் முள்மரத்தை வெட்ட மாட்டார்களா என்று அவர் கேட்டாராம். "எங்க ஊர்ல வெட்டிக் கரி போட்டு வித்துடுவாங்கன்னு சொன்னேன். மனுஷன் அதுக்கப்புறம் என் கூட சரியாவே பேசல."

கடைசியாக ஒரு போட்டோவை எடுத்தாய். விடுமுறை நாளில் வடக்கே போய்ப் பார்த்த இன்னொரு வட்டக்கோட்டை. நூறு வருடங்களுக்கும் முன்னால், விழுந்து கிடந்த அந்த மதிலை யாரோ எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டும்போது, பழைய சுவர் எதுவரை என்று தாரால் குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிக்குக் கீழே யாரும் தொடாதது. மேலே இருப்பது அவர்கள் அடுக்கியது.

"அவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டிட்டு, இது நாங்க வச்சது, பழசு இல்லன்னு கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க பாருடி" என்றாய். போட்டோவில் எனக்கு அந்தக் குறி தெரியவில்லை. நீ விரலால் காட்டிய இடத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். "ஒரு தடவை உன்னைக் கூட்டிக்கினு போறேன். நீயே பாரு." அந்த வார்த்தையை நம்பி நான் பாஸ்போர்ட்டும் எடுத்தேன்.

அந்த வருட மழைக்கு முன் ஆலை மனையில் வேலை தொடங்கிவிட்டது. ஜேசிபி ஒன்று வழி போடுகிறேன் என்று மேட்டில் ஏறி, ஆறு கற்களைச் சாய்த்துவிட்டது. நீ பதறி வந்தாய். தடாவிலிருந்து வந்து வேலையை மேற்பார்வை பார்த்த சீனு, சாய்ந்த கற்களையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், பேஜாரு பண்ணாதீங்க. டிரைவர் புதுசு. நானே நிறுத்திக் குடுத்துடறேன்" என்றார்.

நிறுத்துவது அவர் நினைத்ததுபோல் இல்லை. கல் இருந்த குழியைத் தூரிகையால் சுத்தம் செய்து, பழைய வரைபடத்தை வைத்து, எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைப் பார்த்து நின்றது என்று நீ தீர்மானிக்கும்வரை கல் சங்கிலியில் தொங்க வேண்டும்.

"தள்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. நிறுத்தறதுக்கு நாள் கணக்கா மேடம்?"

"இருந்த எடத்துலதான் நிக்கணும் நைனா. கொஞ்சம் நவுந்தாலும் அது வேற கல்லு."

"கல்லுக்குத் தெரியுமா?"

"உனக்கும் எனக்கும் தெரியுமே."

ஆறும் நின்ற பிறகு நீ தார் கேட்டாய். ரோடு வேலையிலிருந்து சீனுவே கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு கல்லிலும் வெளிப்பக்கம், பார்வை படும் உயரத்தில், ஒரு குறுக்குக் கோடு. உள்பக்கமாகப் போடலாமே, அழகு கெடாதே என்றேன். "உள்பக்கம் போட்டா ஒளிச்ச மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டாய். அதன் பிறகு உன் பையில் எப்போதும் ஒரு சின்னத் தார் டப்பா இருந்தது. வேறு ஊர்களிலும் எதையாவது எடுத்து நிறுத்தினால் கோடு போட்டாய்.

நாம் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். சாலை அகலமாகிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் நம் பகுதியில் தார்க்குறிக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. புளியமரமோ, மைல்கல்லோ, யாருடைய மதில்சுவரோ, கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது எடுக்கப்பட வேண்டியது. லாரிக்காரர்கள் யாரையும் கேட்க மாட்டார்கள். ஏரிக்கரையைப் பலப்படுத்தக் கல் தேடிய வேறொரு கான்ட்ராக்டரின் ஆட்கள் அந்த வழியாக வந்தார்கள். குறி போட்ட ஆறு கற்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தனம் அக்கா போன் செய்து எனக்குச் சொன்னார். நான் போய்ப் பார்த்துவிட்டு உனக்குச் சொன்னேன். மறுநாள் அதிகாரி வருவதாக இருந்தது.

எந்தெந்தக் கல் என்று கேட்டுக்கொண்டாய். பிறகு நீ சிரித்தாய். "குறி போட்டு ஏத்தி அனுப்பினது நான்தானா?"

"ஆமா."

"மத்த கல்லு?"

"நிக்குது. குறி இல்லாத எதையும் தொடல."

"அப்ப சரி" என்றாய்.

மதியத்துக்குள் வந்துவிட்டாய். ஏரிக்கரை நெடுக லோடு லோடாகக் கற்கள் கொட்டிக் கிடந்தன. எல்லாமே சிவப்பு, எல்லாமே முரடு. அந்தக் குவியல்களில் மூவாயிரம் வருடத்துக் கல் எது, நேற்று வெட்டிய கல் எது என்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. நீ குவியல்மேல் ஏறி நின்றாய். "கறுப்புக் கோட்டைத் தேடுடி" என்றாய்.

சீனு தன் ஆட்களோடு வந்தார். தனம் அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்தார். கல்லைப் புரட்டுவதும், "இல்ல" என்பதும், அடுத்ததைப் புரட்டுவதுமாக நேரம் போனது. முதல் கறுப்புக் கோடு கண்ணில் பட்டதும் தனம் அக்கா, காணாமல்போன ஆட்டைக் கண்டவர்போல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஐந்து கிடைத்தன. ஆறாவது கிடைக்கவில்லை. சம்மட்டியால் உடைத்துக் கரைக்குள் போட்டிருப்பார்கள்.

ஐந்தும் குழிகளுக்குத் திரும்பின. குழிகள் கெடாமல் இருந்ததால் இந்த முறை எளிது. கிழக்குப் பக்கம் மட்டும், ஒரு கல்லின் அகலத்துக்கு, வெறும் இடம்.

சீனு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், ஏரியிலேர்ந்து அதே சைஸ்ல ஒன்னு எடுத்தாந்து நட்டுடறேன். ஒரு கல்லுதானே. எந்த ஆபீசருக்குத் தெரியப்போவுது?"

நான் அவர் பக்கம் பேசினேன். வட்டம் முழுசாக இருந்தால்தான் அதிகாரி எழுதுவார், அவர் எழுதினால்தான் மேடு பிழைக்கும் என்றேன். "கோடும் போட்டுடு. அப்ப பொய் இல்லையே" என்றும் சொன்னேன்.

நீ களைத்துப்போய் மண்ணில் உட்கார்ந்திருந்தாய். முழங்கை வரை செம்மண். "கோடு போட்டா இன்னா அர்த்தம்? இந்தக் கல்லு இங்க இருந்துச்சு, விழுந்துச்சு, நான் எடுத்து வச்சேன். இவர் கொண்டாரப்போறது ஏரியில இருந்துச்சுடி. அதுக்கு நான் இன்னா கோடு போடறது?"

மறுநாள் வந்த அதிகாரி அதிகம் பேசாதவர். வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு வட்டத்தைச் சுற்றினார். கிழக்குப் பக்கம் வந்ததும் நின்றார்.

"இங்க ஏன் இடைவெளி இருக்கு?"

நீ வாயைத் திறப்பதற்குள் தனம் அக்கா முந்திக்கொண்டார். "அது வாசலு சார். உள்ள போக வர."

நான் உன்னைப் பார்த்தேன். அயர்லாந்துக் கோட்டையின் வாசலை முறுக்கில் உடைத்துக் காட்டியவள் நீ. வாசல் என்று நீயும் சொல்லியிருந்தால் அவர் குறித்துக்கொண்டு போயிருப்பார். கிழக்குப் பார்த்த வாசல், பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

"வாசல் இல்ல சார். அங்க ஒரு கல் இருந்திச்சு. நாங்க தொலைச்சிட்டோம்" என்றாய்.

நாங்கள் என்றாய். லாரிக்காரர்களைச் சொல்லவில்லை, சீனுவைச் சொல்லவில்லை. சீனு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி ஐந்து கற்களின் தார்க் கோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சொன்னாய். விழுந்தது, எடுத்து வைத்தது, திருட்டுப்போனது, திரும்ப வைத்தது, எல்லாவற்றையும் சொன்னாய்.

"அப்ப கோடு இல்லாததெல்லாம்?"

"யாரும் தொடாதது சார்."

அவர் இன்னொரு முறை சுற்றி வந்தார். இந்த முறை கோடு இல்லாத கற்களை மட்டும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். "சரி, அப்படியே எழுதிடறேன். கல் தொலைஞ்சதையும் சேர்த்து" என்றார். அவ்வளவுதான். அவர் ஜீப் போனதும் தனம் அக்கா உன்மேல் பாய்ந்தார்.

"ஒரு வாய் பொய்யி. அத்த சொல்ல மாட்டேன்னுட்டியே. எனக்குத்தான் மானம் பூட்டுது."

"வாசல்னு இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்க்கா" என்று அவர் தோளில் செம்மண் கையைப் போட்டாய்.

உத்தரவு வர மாதங்கள் ஆயின. அதுவரை தினமும் போன் செய்து, "நிக்குதா?" என்று கேட்பாய். வேறு எதுவும் கேட்க மாட்டாய். "நிக்குது" என்பேன். வைத்துவிடுவாய். கடைசியில் ஆலை எழுந்தது. நேராக வந்த அதன் மதில் அந்த மேட்டருகே மட்டும் வளைந்து, மேட்டை வெளியே விட்டுவிட்டு, மறுபடி நேராகப் போகிறது. வண்டியில் கடந்துபோகிறவர்களுக்கு ஏன் அந்த வளைவு என்று தெரியாது.

நீ படுத்தபோது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்றும் நீ கேட்டது அதையேதான். "நிக்குதா?"

பழவேற்காட்டில் உங்கள் பூர்வீக வீட்டிலிருந்துதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டோடு நின்றுகொள்வது உங்கள் வழக்கம். நானும் உன் உம்மாவோடு நிலைப்படியில் நின்றேன். தெரு திரும்பும்வரை தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை உன் அண்ணன் வந்து சொன்னார். தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் ஒரு கல்லும் நட்டதாகச் சொன்னார். பெயர் எழுதவில்லை என்றார். அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய கல்லை நீ அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் நான். உன்னுடையது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்று தார் டப்பாவோடு போய் இறங்கியதும் தனம் அக்கா கேட்டார். "எங்க உன் கூட்டாளி? ஃபாரின் பூட்டாளா மறுபடியும்?"

அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அந்த மேட்டுக்கு வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். கடையில் இரண்டு பேர் தோசைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "இல்லப்பா, போங்க" என்றார். பிறகு எனக்கு முன்னால் மேட்டை நோக்கி நடந்தார். வட்டத்தின் ஓரத்தில், நீ கழற்றி வைப்பாயே அதே இடத்தில், செருப்பை விட்டார்.

அங்கேயே மூன்று கல் கூட்டி, சுள்ளி வைத்துத் தாரை இளக்கினோம். வெயிலும் மழையும் உன் கோடுகளை அரித்துவிட்டிருந்தன. செம்புரைக்கல் பொரிந்து உதிரும்போது தாரும் சேர்ந்து உதிர்ந்திருக்கிறது. மூன்று கற்களில் கறுப்பின் தடம் இருந்தது. அவற்றின்மேல் குச்சியால் மறுபடி இழுத்தேன். மற்ற இரண்டும் எவை? நானும்தான் கூட இருந்தேன். வடக்குப் பக்கத்துக் கல் என்று கை போனது. பிறகு அதற்கு அடுத்ததோ என்று தோன்றியது.

"எதுனா ரெண்டுல போடு" என்றார் தனம் அக்கா. பிறகு அவரே, "வேணாம். அவ திட்டுவா" என்றார்.

விழுந்த ஆறு கற்களையும் நீ குறித்து வைத்த வரைபடம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து போடுவேன். அதுவரை அந்த இரண்டும் கோடு இல்லாமலே நிற்கட்டும்.

கிழக்கே அந்த வெற்றிடம் அப்படியே இருக்கிறது. அதில் தனம் அக்காவின் ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் விரட்டப் போய், கையை இறக்கிக்கொண்டார். திரும்பும்போது நாங்கள் இருவருமே வட்டத்துக்குள் போகவில்லை. வெளியிலேயே சுற்றி வந்தோம்.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் குச்சி கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது. நீ நம் ஊருக்குக் கொண்டுவந்த அந்தத் தார்க் கோட்டை நான் என் தொழிலுக்கு எடுத்துக்கொண்டேன். என் செய்திகளில் நான் பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம் நிற்கும். டெஸ்க்கில் செய்தி திருத்துபவர்களுக்கு அது எரிச்சல். ஆனால் உன்னை எழுதும்போது அது அவ்வளவு எளிதாக இல்லை. நீ முறுக்கை உடைத்தது நிச்சயம். "அப்ப சரி" என்றது நிச்சயம். ஸ்டேஷன் பெஞ்சில் நீ பச்சைத் துப்பட்டா போட்டிருந்தாய் என்று மேலே எழுதி, அடித்துவிட்டேன். பச்சை நான் வைத்ததாக இருக்கலாம். இன்னும் கொஞ்ச வருடம் போனால் எது நீ, எது நான் அடுக்கியது என்று எனக்கே தெரியாமல் போகும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்றே உட்கார்ந்தேன்.

நிக்குதா என்று கேட்க போன் வரப்போவதில்லை. நிற்கிறது.

வலது கட்டைவிரல் நகக்கண்ணில் தார் ஒட்டியிருக்கிறது. சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் போய்விடும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். எண்ணெய் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.